பொலோஞாவில் பாஸ்தா மாவு விரிக்கப் பழகுகிறேன்: இதுவரை

மேல்மாடிப் பாட்டியின் சமையலறையில் கையால் பாஸ்தா மாவு விரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அதில் எது கைக்கு வந்தது, எது இன்னும் வரவில்லை என்று எழுதி வைக்கிறேன். இருப்பது வடக்கு இத்தாலியில் பொலோஞா, முட்டை பாஸ்தாவுக்குப் பேர்போன ஊர். விரித்த மாவை இங்கே ஸ்ஃபோல்யா என்பார்கள்.

கணக்கு எளிது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, அவ்வளவுதான், பாட்டி வீட்டில் தண்ணீரோ எண்ணெயோ அதில் படாது. மாவு என்றால் நம் மைதாவுக்குக் கிட்டத்தட்ட வரும் 00 மாவு. இங்குள்ள போ என்ற ஆற்றின் சமவெளியில் விளைவது மென்கோதுமை, வெறும் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதற்கு அவ்வளவு பிடிப்பு இருக்காது, முட்டைதான் இறுக்கிப் பிடிக்கிறது. தெற்கே பாரி நகரப் பக்கம் டியூரம் என்ற கடினமான கோதுமை, அதற்குத் தண்ணீரே போதும். பாரியின் பழைய நகரச் சந்துகளில் பெண்கள் வாசலிலேயே மேசை போட்டு ஒரெக்கியெத்தே, அதாவது சின்னக் காது மாதிரியான பாஸ்தா, செய்கிறார்கள், சமையலறை தெருவுக்கே வந்துவிட்ட மாதிரி.

பிசைவது ஒரு கால் மணி நேரம், உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளித் தள்ளி. அப்புறம் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி அரை மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். ஊறாத மாவை என்னதான் பலம் போட்டு விரித்தாலும் பழைய இடத்துக்கே சுருங்கி வரும். இது வரைக்கும் எனக்குச் சிக்கல் இல்லை.

விரிப்பதுதான் வித்தை. இவர்களுடைய உருட்டுக்கட்டை கைப்பிடி இல்லாமல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், அதன் பக்கத்தில் நம் சப்பாத்திக் கட்டை குழந்தை மாதிரி இருக்கும். நடுவிலிருந்து வெளியே தள்ளி, கொஞ்சம் திருப்பி, மறுபடியும் தள்ளி, வட்டம் பெரிதானதும் மாவைக் கட்டையிலேயே பாதி சுற்றிக்கொண்டு இரண்டு கையையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழுக்கியபடி உருட்ட வேண்டும், அழுத்துவதைவிட இழுப்பதுதான் அதிகம். ஒரு பக்கத்தைப் பலகை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, வயிற்றால் லேசாக அணைத்துப் பிடித்துக்கொள்வார் பாட்டி. தொங்கும் மாவு தன் கனத்திலேயே இழுபடும். எனக்கு இந்த வயிற்று வேலை இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது.

ஊருக்கு வெளியே குன்றின் மேல் சான் லூக்கா மாதா கோயில் இருக்கிறது, மாவைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது இங்கே பேச்சு. என் மாவில் சன்னல் சட்டம் தெரிகிறது, அதுவும் நடுவில் மட்டும்! ஓரம் இன்னும் தடிப்பாகத்தான் நிற்கிறது.

உருளை இயந்திரம் வாங்கலாமே என்று கேட்கலாம். அவசரத்துக்குத் தப்பில்லை, ஆனால் மரப்பலகையின் சொரசொரப்பு மாவில் பதிவதால்தான் ராகூ, அதாவது இறைச்சிக் குழம்பு, அதில் நன்றாக ஒட்டுகிறது. இரும்பு உருளையில் போனது வழவழவென்று இருக்கும்.

தாலியாதெல்லே, அதாவது நாடா மாதிரி நீளமான பாஸ்தா, வெட்டுவது சுமாராக வந்துவிட்டது. மாவு ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் சுருட்டி, கத்தியால் ஒரே அகலத்தில் வெட்டி, உதறி விட வேண்டும். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் பொலோஞா வர்த்தக சபையில் பதிந்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். பாட்டியிடம் அளவுகோல் கிடையாது, கண்தான்.

தொர்தெல்லீனிக்கு, அதாவது பூரணம் வைத்து மடிக்கும் குட்டிப் பாஸ்தாவுக்கு, வருவோம். இத்தாலியக் குடும்பமே சமையலறையில்தான் கூடும் என்று எல்லாரும் உருகி உருகிச் சொல்வார்கள். பாசம் இருக்கட்டும், மாவு காய்ந்துவிடும் என்பதும் ஒரு காரணம். தாலியாதெல்லேக்குக் கொஞ்சம் காய வேண்டும், இதற்கோ ஈரம் போனால் ஓரம் ஒட்டாது, வெந்நீரில் வாய் பிளந்துவிடும். அதனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மகள், மருமகள், பேரப்பிள்ளைகள், வந்த விருந்தாளி எல்லாரையும் பலகையைச் சுற்றி உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒருவர் விரித்துச் சின்னச் சதுரங்களாக வெட்ட, ஒருவர் சிட்டிகை சிட்டிகையாகப் பூரணம் வைக்க, மற்றவர்கள் மடிக்கிறார்கள். முக்கோணமாக மடித்து, ஓரத்தை அழுத்தி, விரல் நுனியில் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்து ஒட்ட வேண்டும். நான் ஒன்றைச் சுற்றுவதற்குள் பேத்தி மூன்று முடித்துவிடுகிறாள். "வாய் பேசட்டும், கை நிற்கக் கூடாது" என்பது பாட்டியின் ஒரே சட்டம். அந்த மேசையில் கல்யாணப் பேச்சு, சொத்துச் சண்டை, பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் வருகிறது, எழுந்து போகத்தான் யாருக்கும் வழியில்லை.

பூரணத்துக்கும் 1974-இல் பதிவு செய்த செய்முறை உண்டு: பன்றியின் முதுகுக்கறி, ப்ரோஷூட்டோ என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறி, மொர்த்தாதெல்லா என்ற பன்றி சாஸேஜ், பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய். வீட்டுக்கு வீடு அளவு மாறும், அதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. தெளிந்த இறைச்சிச் சாற்றில் போட்டுத்தான் சாப்பிட வேண்டும், கிரீம் ஊற்றிச் சாப்பிடலாமா என்று கேட்டால் பாட்டி முகம் போகும் போக்கே தனி.

வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் பீன்ஸ் சூப்புக்குப் போகின்றன. அடுத்தது ரிக்கொட்டா என்ற மென்மையான சீஸ் வைத்த தொர்தெல்லோனி. அளவில் பெரியது, என் விரலுக்கு அதுதான் சரிப்படும் என்று பாட்டியே சொல்லிவிட்டார். அதற்குள் ஓரத்தை மெல்லிசாக்கப் பார்க்க வேண்டும்.