வேலை மாறுவதா, மேலே படிப்பதா?

பொறியியல் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனதும் பெரும்பாலானோருக்கு ஒரு கேள்வி வருகிறது: கூடுதல் சம்பளம் தரும் இடத்துக்கு மாறுவதா, இல்லை வேலையை விட்டுவிட்டு எம்.இ. சேர்வதா? காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையில் இருக்கும் என்னிடம் இதைக் கேட்டு வரும் இளம் பொறியாளர்கள், பெரும்பாலும் இரண்டு வழியிலும் ஐந்து ஆண்டுகள் கழித்து எவ்வளவு சம்பளம் வரும் என்ற கணக்கோடுதான் வருகிறார்கள். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் இப்போதைய வேலையில் நமக்குக் கிடைக்காமல் இருப்பது எது, அது இன்னொரு வேலையிடத்தில் கிடைக்குமா, படிப்பில் மட்டும்தான் கிடைக்குமா என்பதை அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் கல்லல் பக்கத்துக்காரி. 1948இல் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார் 1952இல் பொறியியல் கல்லூரியையும் தொடங்கி, காரைக்குடியைப் படிப்புக்கான ஊராக ஆக்கிவைத்ததால், எங்களைப் போன்ற குடும்பத்துப் பெண்களும் வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வந்து படிக்க முடிந்தது. படிப்பு முடிந்ததும் ஒரு சிறிய ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு சுவர் இருந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். நாங்கள் போன நேரத்தில் இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது; கரண்டிக் காம்பால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது காதுக்குத் தெரிந்தது. பெயர்த்து எடுத்தபோது பின்பக்கம் முழுவதும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, செங்கல்லின் முகம் விரல் பட்டாலே மாவாகக் கொட்டியது. எங்கள் மேஸ்திரி உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓதம் மேல ஏறியிருக்கு ஆத்தா. சுவரு மூச்சு விடணும். சிமெண்டப் பூசுனா வாயப் பொத்துனாப்புல ஆயிரும்" என்றார். ஓதம் என்றால் நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் புளிக்கவைப்பது, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது, கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்ப்பது எல்லாம் அவர் கைக்குப் பழகியவை. ஆனால் ஒரே கலவையை ஒரே வாரத்தில் பூசிய இரண்டு சுவர்களில் ஒன்று நன்றாக இறுகுவதும் மற்றது இறுகாமல் நிற்பதும் ஏன் என்று கேட்டால், "அது அந்தச் சுவரோட வாகு" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார்.

எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. வீட்டுக்கார ஆச்சியின் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கேட்ட கேள்விகள் மிக நியாயமானவை: எந்த வகைச் சுண்ணாம்பு, என்ன விகிதம், எத்தனை நாளில் எவ்வளவு வலு வரும், இந்த ஓதம் மறுபடி ஏறாது என்பதற்கு என்ன உறுதி? இளநிலைப் படிப்பில் கான்கிரீட்டும் எஃகும் ஆண்டுக்கணக்கில் வந்தன. சுண்ணாம்பு கட்டுமானப் பொருட்கள் பாடத்தில் சில பக்கங்களோடு முடிந்துவிட்டது. ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தரக்குறிப்பில் கட்டுமானச் சுண்ணாம்பு வகை பிரிக்கப்பட்டிருப்பதைத் தேடிப் படித்தேன். ஆனால் எங்கள் சைட்டுக்கு வந்து இறங்கிய சுண்ணாம்பு அவற்றில் எந்த வகை என்று சோதித்துச் சொல்லும் அறிவு என்னிடம் இல்லை.

இந்த நேரத்தில்தான் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் ஒரு நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டில் எல்லோரும் போகச் சொன்னார்கள். அப்பாவுக்கு என் திருமணச் செலவைப் பற்றிய கவலையும் அதில் சேர்ந்திருந்தது, அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையில் நான் என்னவெல்லாம் கற்பேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கம்பி வளைப்புப் பட்டியல், சென்ட்ரிங் திட்டம், ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்டைக் கையாளுதல், துணை ஒப்பந்ததாரர்களின் பில் சரிபார்ப்பு. ஒரு பொறியாளரை வளர்க்கக்கூடிய நல்ல பாடங்கள்தாம் எல்லாமே. ஆனால் அந்தச் சுவரைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தத் தாளில் விடை இல்லை. இந்த ஒப்பந்ததாரரிடமே இன்னும் சில ஆண்டுகள் இருந்தாலும் இல்லை. மேலே படிப்பது என்ற என் முடிவு அந்தத் தாளிலிருந்துதான் பிறந்தது.

என்னோடு படித்த நண்பர் ஒருவருக்கும் அதே மாதங்களில் இதே குழப்பம். அவருடைய குறை வேறு. அவர் இருந்த அலுவலகத்தில் வரைபடத்தை அவர் கையில் கொடுக்கவே மாட்டார்கள். அளவெடுத்து எழுதுவதும் ஆட்கணக்குப் போடுவதுமே அவர் வேலை. எம்.இ. படித்தால் மதிப்பார்கள் என்று நினைத்தார். அவருக்குத் தெரியாதது எதுவும் அங்கே தடையாக இல்லை, தெரிந்ததைச் செய்யவிடாத இடம்தான் தடையாக இருந்தது. அவர் திருச்சியில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்துக்கு மாறினார். ஓராண்டுக்குள் தனியாகத் தளங்களுக்கு வடிவமைப்புச் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார். பிடிக்காத வேலையிடத்திலிருந்து தப்பிக்கும் வழியாக மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. இரண்டு ஆண்டு ஊதியத்தை இழந்து, படிப்பு முடிந்ததும் அதே மாதிரியான இன்னொரு அலுவலகத்தின் வாசலில்தான் அவர்கள் பெரும்பாலும் போய் நிற்கிறார்கள்.

எங்கள் வட்டாரத்தின் பழைய முறையில் இப்படி ஒரு பிரிவு இருந்ததில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார், வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார்கள். மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்பி, மறுபடி கப்பலேறும்போது பெரும்பாலும் பொறுப்பும் சம்பளமும் கூடியிருக்கும். பேரேட்டையும் ஐந்தொகையையும் வேலை செய்துகொண்டே கற்றார்கள். கற்றதற்கு ஏற்ற படி அதே கடையில் இருந்தது. இன்று கற்கும் இடமும் உயரும் இடமும் தனித்தனியாகிவிட்டதால்தான் நம் பிள்ளைகள் இவ்வளவு திணறுகிறார்கள்.

படிப்பு என்று முடிவான பிறகும் நான் உடனே வேலையை விடவில்லை. முதுநிலைப் பொறியியல் படிப்பில் சேர்வதற்கான கேட் (GATE) தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது, அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே வேலையில் இருந்தபடியே எழுதி, மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு நிலையைப் பார்த்துச் சேரலாம் என்பது பலருக்கு உறைப்பதில்லை. விடியற்காலையில் படித்துவிட்டு சைட்டுக்குப் போனேன். கேட் தேர்ச்சியோடு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர முதுநிலை படிப்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. அதில் விடுதிச் செலவைச் சமாளிக்கலாம், குடும்பத்துக்கு அனுப்ப மிச்சம் பெரிதாக இருக்காது. வீட்டில் கடன் இருந்து, நம் சம்பளம்தான் அதை அடைக்கிறது என்றால், முதலில் சம்பளத்துக்காக வேலை மாறுவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் உள்ளிருக்கும் கேள்வியை அப்போது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சென்னை வாழ்க்கையின் தவணைகளுக்கு நடுவே அது மறந்துபோகும்.

முதுநிலை வகுப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு, ஒவ்வொரு பாடத்திலும் அந்தச் சுவர் கண்முன் வந்து நின்றதுதான். நுண்துளைகள் வழியே நிலத்தடி நீர் சுவரில் ஏறும், மேற்பரப்பில் காற்றுப்பட்டு ஆவியாகும். அடர்த்தியான சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைக்கும்போது நீர் இன்னும் மேலே ஏறுகிறது, பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி அதையே வெளியே தள்ளுகிறது. சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. ஆகவே ஈரம் வற்றாமல் துளைகள் நீரால் நிறைந்திருக்கும் சுவரில், வாயு உள்ளே போக வழியின்றி இறுகுவது தள்ளிப்போகிறது. மேஸ்திரி 'வாகு' என்றது இதைத்தான். கருப்பட்டியிலுள்ள சர்க்கரை சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரைய வைக்கிறது என்று ஆய்வகத்தில் கண்டபோது, அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "அதான் அப்பவே போடுறோம்ல ஆத்தா" என்றார், மிகுந்த மகிழ்ச்சியோடு.

படித்துவிட்டுத் திரும்பியபோது என் முதல் சம்பளம், இடையில் வேலை மாறிக்கொண்டே போன வகுப்புத் தோழர்களின் சம்பளத்தைவிடக் குறைவு. இன்றும் அந்த இடைவெளி முழுவதும் அடைபடவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் இதை மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் தேவகோட்டை சைட்டில் இருக்கும் ஒரு இளம்பெண், தேக்குத் தூண்களின் அடிக்கல் ஏன் ஒருபக்கம் மட்டும் இறங்குகிறது என்று சில மாதங்களாக என்னைத் துளைத்துக்கொண்டிருக்கிறாள். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவளுக்குப் போதவில்லை. இந்த ஆண்டு கேட் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். வேலையை விடுவது பற்றி மதிப்பெண் வந்த பிறகு அவள் அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று இருக்கிறோம்.