அந்த வளைவை எங்கிருந்து வரைந்தீர்கள்?

"அந்தப் புத்தகத்தை மூடி வையம்மா" என்று நான் சொன்னதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உறுத்துவது, அதற்கு இரண்டு நாள் கழித்து நான் சொன்ன ஒரே ஒரு சொல்.

மருத்துவப் படங்கள் வரைவது எங்கள் வேலை. அன்று கேட்டிருந்தது, கையில் ஓடும் ரேடியல் நரம்பின் படம். முழங்கையருகே அது இரண்டாகப் பிரிந்து, ஆழக் கிளை ஒரு தசைக்குள் நுழைகிறது. நுழையும் இடத்தில் தசையின் விளிம்பு நாண்போல வளைந்து இறுகியிருக்கும். நரம்பு நசுங்கினால் பெரும்பாலும் அங்கேதான் நசுங்கும். அந்த வளைவு சரியாக வரவில்லை என்று அறுவைச் சிகிச்சை மருத்துவர் படத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். அப்போதுதான் எங்கள் பிரிவின் இளைய ஓவியர் பெர்ன்கோப்பின் உடற்கூற்றுப் படத்தொகுதியை எடுத்து வந்து விரித்தாள். "பாருங்கள் மேடம், எவ்வளவு தெளிவாக இருக்கிறது!"

தெளிவாகத்தான் இருக்கும். வியன்னாவில் எட்வர்ட் பெர்ன்கோப் அதன் முதல் தொகுதியை வெளியிட்டது 1937இல். மறு ஆண்டு ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போனதும் அவர் மருத்துவப் புலத் தலைவரானார். படத்தொகுதியின் ஓவியர்களில் ஒருவரான லெப்பியர் தன் கையொப்பத்தின் வாலை ஸ்வஸ்திகாவாக வளைத்தார். இன்னொரு ஓவியரான பட்கே 1944 என்று எழுதும்போது இரண்டு நான்குகளையும் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் மின்னல் குறிகளாக்கினார். பிந்தைய பதிப்புகளில் இவற்றை அழித்துவிட்டார்கள். மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களில் குறைந்தது 1,377 பேரின் உடல்கள் பெர்ன்கோப்பின் உடற்கூற்றியல் நிறுவனத்துக்குப் போயிருந்ததாக, 1998இல் முடிந்த வியன்னா பல்கலைக்கழக விசாரணை கண்டறிந்தது.

"இவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை" என்றேன்.

"நாம் பார்க்காமல் இருந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் மேடம்? நாளைக்குக் கை விளங்காமல் போகிற நோயாளிக்கு என்ன பதில் சொல்வது?"

என்னிடம் பதில் இல்லை. மூத்தவள் என்ற உரிமையில்தான் மூடச் சொன்னேன். அவளும் மறுபேச்சில்லாமல் மூடினாள்.

பிறகு நானே உட்கார்ந்து வரைந்தேன். ஒரே மூச்சில் வந்தது. மருத்துவர் உடனே ஏற்றுக்கொண்டார். அவள் என் மேசைக்கு வந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்த வளைவின் மேல் விரல் வைத்து, "இதை எங்கிருந்து வரைந்தீர்கள்?" என்று கேட்டாள்.

"அனுபவம்" என்றேன்.

மாணவியாக இருந்தபோது மாதக்கணக்கில் அதே தொகுதியைப் பார்த்துப் பார்த்துப் படி எடுத்தவள் நான். நரம்பின் மங்கிய மஞ்சள் வெண்மை, அதன் மேல் முடி இழையாக ஓடும் ரத்தக் குழாய், தசை விளிம்பில் விழும் சாம்பல் நிழல் எல்லாம் என் கைக்கு அங்கிருந்து வந்தவை. அப்போது அதன் வரலாறு எனக்குத் தெரியாது, அதுமட்டும் உண்மை. தெரிந்த பிறகு அதைத் திறந்ததில்லை. தானமாகக் கிடைத்த உடல்களைப் பார்த்தும் எத்தனையோ வரைந்திருக்கிறேன். அந்த வளைவு அவற்றிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்ட கணத்தில் என் கண்முன் வந்து நின்றது அந்தப் பக்கம்தான்.

இந்தப் படங்களைப் பற்றியே 2017இல் ஜோசப் போலக் என்ற யூத மதகுரு ஒரு வழிகாட்டுதல் எழுதினார். உயிர் காக்கப் பயன்படுத்தலாம், ஆனால் அவை எங்கிருந்து வந்தவை என்பதை மறைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த அளவுகோலில் அவள் செய்ய நினைத்தது ஏற்கத்தக்கது. புத்தகத்தை மூடிவிட்டு மூலத்தையும் மறைத்த நான்தான் தவறியவள்.

இப்படி எழுதிவிட்ட பிறகும் மனம் முழுதாக ஒப்பவில்லை. படத்தின் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் கொல்லப்பட்டவரின் கடன் தீர்ந்துவிடுமா? ஒரு வரி போதும் என்று பழகிவிட்டால் அடுத்த தலைமுறை எதைத்தான் திறக்கத் தயங்கும்? அதே வேளையில், நான் மூடச் சொன்னதால் பிழைத்தது என் நிம்மதி மட்டும்தானோ என்றும் தோன்றுகிறது. அதுவும் இரண்டு நாள்தான் பிழைத்தது.

அவள் இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறாள். அந்தப் படம் பயிற்சிக் கையேட்டில் அப்படியே இருக்கிறது. கீழ் மூலையில் என் கையொப்பம். வேறு எந்தக் குறிப்பும் இல்லை.