மேல் ரோட்டுக்கும் கீழ்ப் படிக்கட்டுக்கும் ஒரே வீதம்: சோலைவரி ஆட்சேபனை எழுதிப் பழகியதில் தெரிந்தவை

சோலைவரி என்பது வீட்டுக்கும் கட்டடத்துக்கும் உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் வரி. அதன் நோட்டீஸ் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் போவது கட்ட வேண்டிய தொகைக்குத்தான். பக்கத்தில் ‘வருடாந்தப் பெறுமதி’ என்று இன்னோர் எண் இருக்கும். அதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. சின்ன வீட்டுக்குக் கூடுதலாக வரி விழுந்திருந்தால், காரணம் பெரும்பாலும் அந்த எண்ணில்தான் கிடக்கும். இலங்கையின் மலையக நகரங்களில் ஆட்சேபனைக் கடிதம் எழுதிக் கொடுக்கும் நாங்கள் முதலில் விரல் வைப்பதும் அங்கேதான்.

வருடாந்தப் பெறுமதியை வீட்டின் விலை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு வரும் என்ற மதிப்பீடு அது. விலைமதிப்புத் திணைக்களத்தார் மதிப்பைப் போட, சபை அதன்மேல் தன் வீதத்தை வைக்கும். கணக்கு விளங்குவதற்காக 24,000 ரூபா பெறுமதி, 8 வீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,920 ரூபா, காலாண்டுக்கு 480. முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைத்து 1,728 ஆகும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் அந்தக் காலாண்டுக் காசைக் கட்டினால் 5 வீதம். தைப்பொங்கல் செலவும் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவும் சேர்ந்து வரும் ஜனவரியில் நாட்சம்பளக்காரர் மொத்தமாகக் கட்டுவது எப்படி? பெரிய கழிவு கையில் காசு உள்ளவருக்கே போகிறது. இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒரே வகைக் கட்டடங்களுக்கு வீதம் ஒன்றாக இருந்தும் பாரம் ஒன்றாக இல்லை. மேல் ரோட்டில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் பழைய பங்களா எப்போதோ பதிவேட்டில் ஏறியது. மீள்மதிப்பீடு தள்ளித் தள்ளிப் போக, அந்தப் பழைய எண்ணே நின்றுவிடுகிறது. கீழே அறுபது படி இறங்கிப் போகும் சின்ன வீடு, வங்கிக் கடனுக்காகப் பிளான் பாஸ் பண்ணியபோதுதான் பதிவேட்டுக்குள் வருகிறது. அதற்கு இன்றைய வாடகையில் மதிப்புப் போடுகிறார்கள். 480 சதுர அடி வீட்டுக்கு 24,000 ரூபா என்றால் சதுர அடிக்கு 50 ரூபா. 4,000 சதுர அடி பங்களாவுக்கு 80,000 ரூபா என்றால் 20 ரூபா. வீதம் இரண்டுக்கும் 8 தான். ஆனால் சதுர அடிக்குப் பார்த்தால் கீழ் வீட்டுக்காரர் இரண்டரை மடங்கு கட்டுகிறார். அந்தப் பங்களா விருந்தினர் விடுதியாக மாறியும் பதிவேட்டில் இன்னும் ‘வீடு’ என்றே இருந்தால், வர்த்தகக் கட்டடங்களுக்குக் கூடிய வீதம் உள்ள சபைகளில் இடைவெளி இன்னும் அகலமாகும்.

ஆட்சேபனைக்கு முதல் வேலை நாடா பிடித்து அளப்பது. வீட்டின் நீள அகலத்தை அடியில் எழுதி, சதுர அடிக்கு எவ்வளவு பெறுமதி போட்டிருக்கிறார்கள் என்று வகுத்துப் பாருங்கள். பிறகு சபை அலுவலகத்தில் மதிப்பீட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். பார்வையிட மக்களுக்கு உரிமையுள்ள பதிவேடு அது. உங்கள் வீட்டைப் போன்ற மூன்று வீடுகளையும், அதே வட்டாரத்தில் வசதியான தெருவில் இரண்டு கட்டடங்களையும் எடுத்து, வரி இலக்கம் (பதிவேட்டில் அந்தக் கட்டடத்துக்குள்ள எண்), பெறுமதி, வகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இன்றைக்கு ஐயா இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் நோட்டீஸில் உள்ள ஆட்சேபனைத் திகதி அதற்காகக் காத்திருக்காது. ஆட்சேபனையை முதலில் போட்டுவிட்டு, ஒப்பீட்டு விபரத்தை விசாரணைக்குக் கொண்டுபோகலாம்.

கடிதத்தில் அநேகர் செய்யும் பிழை, ‘நாங்கள் கஷ்டப்பட்டவர்கள், கட்ட வசதியில்லை’ என்று எழுதுவது. அது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அதை வைத்துப் பெறுமதியைக் குறைக்க மாட்டார்கள். வீதம் கூடிவிட்டது என்பதும் இங்கே எடுபடாது, அது சபையின் தீர்மானம். ‘இந்த வீட்டுக்கு இந்த வாடகை வராது’ என்பதை மட்டும் நிறுவுங்கள். மலையில் அதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. வாகனம் வாசலுக்கு வராது, காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கித்தான் இறக்க வேண்டும். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். பின்பக்க மண்மேட்டுக்குத் தாங்குசுவர் இல்லை. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் இருந்தால் அதன் பிரதியை முதல் இணைப்பாக வையுங்கள். பக்கத்து வீட்டு வாடகை ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால் அதைவிடப் பலமான சான்று இல்லை. படிக்கட்டைக் கீழிருந்து மேலாகப் படம் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் செங்குத்து தெரியாது.

அடுத்த சிக்கல் பெயர். நோட்டீஸ் இன்னும் தாத்தா பெயரில் வரும், ஆட்சேபனையில் பேரன் கையெழுத்து இருக்கும், ‘நீங்கள் யார்?’ என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். காணி உறுதியின் (பத்திரத்தின்) பிரதியை, அல்லது மரணச் சான்றிதழோடு வாரிசு விபரத்தைச் சேர்த்து, பெயர் மாற்ற விண்ணப்பத்தையும் அன்றே கொடுங்கள். நோட்டீஸ் சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழில் கேட்டு வாங்குங்கள். மொழியுரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஆட்சேபனையைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை நோட்டீஸோடு குத்தி வையுங்கள். முடிவு வரும்வரை வரியை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் பாக்கியை அறவிடச் சபை அனுப்பும் வாரண்டின் செலவு மேலே ஏறும், பெறுமதி குறைந்தாலும் அந்தச் செலவு குறையாது. விசாரணை முடிவில் திருப்தி இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம். அதற்கான காலக்கெடு குறுகியது, முடிவு கைக்கு வந்த கிழமையே சட்டத்தரணியைப் பாருங்கள்.

இவ்வளவும் வரி இலக்கம் உள்ளவர்களுக்கு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கும் குடும்பத்துக்கு இலக்கமே கிடையாது. பிரதேச சபைகள் சோலைவரி அறவிடுவது அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களில்தான். தேயிலைக் காணிக்கு உள்ளது ஏக்கர் வரி, அதுவும் மிகச் சின்னத் தொகை. இன்னொரு வருமானத்தையும் கவனியுங்கள். காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை, மாகாணத்தின் வழியாக அந்தக் காணி உள்ள சபைக்கு வருகிறது. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். விடுதிக் காணிகள் விலைபோகும் நகரத்துக்கு அது பெரிய வரவு. அரச காணியைக் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கும் தோட்டப் பகுதியில் எந்தக் குடும்பம் காணி விற்கப் போகிறது? சனம் நிறைந்த சபை வெறும் பெட்டியோடு இருப்பதற்கு இது பெரிய காரணம்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டப் பாதைக்குச் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடத் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளும் பிரிந்து, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாகின. ஆகவே ‘தோட்டத்துக்கு நாங்கள் செய்ய முடியாது’ என்று இன்றும் யாராவது சொன்னால், 2018 திருத்தத்தைக் குறிப்பிட்டு மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியோடு வீடு கொடுக்கும் திட்டத்தில் காணி உறுதி கிடைத்தவர்கள் வரி இலக்கத்துக்கு விண்ணப்பிப்பதில் பயப்பட வேண்டாம். வரி கட்ட வேண்டி வரும் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். ஆனால் இலக்கம் இருந்தால்தான் கடிதம் தோட்டக் கந்தோரில் தங்காமல் சொந்த விலாசத்துக்கு வரும் வழி பிறக்கும், கடனுக்குப் போனால் வங்கி கேட்கும் தாள்களில் ஒன்றும் கையில் இருக்கும். உறுதியின் பிரதி, நில அளவைப் பிளான், கிராம சேவகர் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி நான்கையும் இணைத்துச் சபைச் செயலாளருக்கு எழுதுங்கள். தனித்தனியாகப் போகாமல், ஒரே திட்டத்து வீடுகள் எல்லாம் ஒரே நாளில் கொடுங்கள். பகுதியைப் பிரகடனம் செய்யாமல் ஒரு வீட்டுக்கு மட்டும் இலக்கம் தர முடியாது என்ற பதில் வந்தால், பிரகடனத்தையே கேட்க அப்போது ஆள்பலம் இருக்கும். விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் மட்டும் வெளியே வந்துவிட வேண்டாம். தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட கோப்புகளில் திரும்பக் கிடைத்தவை, அந்த முத்திரையைக் காட்டிக் கேட்டவைதான்.