பிராங்க்ளினியா

சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு விக்கிப்பீடியாவைத் திறந்தேன். பிராங்க்ளினியா என்ற மரத்தைப் பற்றிய கட்டுரைக்குப் படம் தேட வேண்டும்.

ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. ஐந்து வெள்ளை இதழ்கள், ஓரம் லேசாகச் சுருங்கி. நடுவில் அடர்ந்த மஞ்சள் மகரந்தத் தாள்கள். பின்னால் இலைகள் சிவந்து போயிருக்கின்றன. இலையுதிர் காலம் வந்தபிறகும் பூத்துக்கொண்டிருக்கும் மரம் இது. தேயிலைக் குடும்பம்.

1765இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில், அல்டமஹா ஆற்றங்கரையில், தாவரவியலாளர் ஜான் பார்ட்ரமும் அவர் மகன் வில்லியமும் இதைக் கண்டார்கள். வில்லியம் பிற்பாடு அங்கே திரும்பிப் போய் விதை கொண்டுவந்து, பிலடெல்பியாவில் அப்பாவின் தோட்டத்தில் வளர்த்தார். ஜானின் நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளினின் பெயரையே வைத்தார்கள்.

1803க்குப் பிறகு காட்டில் இதை யாருமே பார்க்கவில்லை.

இன்று உலகத்தில் எங்கே ஒரு பிராங்க்ளினியா நின்றாலும் அது அந்த விதைகளின் வம்சம்தான். வில்லியம் மட்டும் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்? நினைத்தாலே பதறுகிறது.

கட்டுரையில் 'அமெரிக்க மரம், அழிந்துவிட்டது' என்று மட்டும் இருந்தது. எப்படி மனம் ஆறும்? ஆற்றங்கரை, விதை, தோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

காய்க்கு நல்ல படம் இன்னும் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் இந்த மரம் இருந்தால் ஒரு படம் எடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்களேன்.