முன் சில்லு

2024 நவம்பர் 3, ஞாயிறு

வாங்கி மூன்று வாரமாகிறது. இன்றுதான் நிதானமாகக் கழுவினேன். கழுவக் கழுவ அழுக்குக் குறைந்து துருப் புள்ளிகள் கூடின. 1995ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ ஜீப், 2477 சீசீ, டர்போ டீசல். கண்டிப் பக்கத்து மனிதர் ஒருவரிடம் வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய இரும்புக்கும் பவுன் விலைதான். இந்தக் காசுக்குப் பத்து வயது இளைய கார் ஒன்று கிடைத்திருக்கும் என்று மனைவி ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு அடுப்படியில் பாத்திரங்கள்தான் சொல்கின்றன.

அப்பாவுக்காக வாங்கினேன் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். எங்கள் வயல்வெளி, வட்டை என்போம், மட்டக்களப்புக்கு மேற்கே ஆயித்தியமலைக்கு அப்பால் இருக்கிறது. முழங்கால் இரண்டும் பழுதான மனிதரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்ற முடியாது. சாதாரணக் காரோ மாரியில் வாய்க்கால் கட்டுக்குக் கிட்டவும் போகாது. கடந்த பெரும்போகத்தில் அவர் வயலைப் பார்க்கவேயில்லை. வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு, நம்பாமல், பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அது உண்மைக் காரணம்தான். எனக்குப் பத்தொன்பது வயதிலிருந்தே இந்த வாகனத்தின் மேல் ஒரு கண் இருந்ததும் உண்மைதான்.

காலையில் சாவியை அரைத் திருப்புத் திருப்பி, எஞ்சினைச் சூடேற்றும் குளோ பிளக்கின் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, பிறகுதான் முடுக்க வேண்டும். கல்லடிக் குளிருக்கு அது மூன்று விநாடிகூட எரிவதில்லை. முடுக்கியதும் தகரக் கொட்டிலுக்குள் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நாய் இன்னும் பழகவில்லை.

ஒரு குறை. நான்கு சில்லும் இழுக்கும் நிலைக்கு மாற்றினால் முகப்புப் பலகையில் உள்ள சிறு வாகனப் படத்தில் முன் சில்லு விளக்குகள் இரண்டும் பச்சையாய் மினுங்கிக்கொண்டே இருக்கின்றன. "அது வயரிங் கோளாறு சேர், பாரதூரமில்லை" என்றார் விற்றவர். சரி.

நவம்பர் 9, சனி

செங்கலடியால் திரும்பி, பதுளை வீதியில் கரடியனாறு வரை சும்மா போய் வந்தேன். சும்மா என்றுதான் வீட்டில் சொன்னேன்.

இதன் ஓட்டத்தை எப்படி எழுதுவது? மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. மாட்டுக்காரன் கூப்பிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் எருமை போல ஒரு தாமதம். பிறகு மெல்லிய விசில் கேட்கும். முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவது தெரியும். வெளியேறும் புகையின் வேகத்திலேயே, எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளும் டர்போவின் சக்கரம் சுற்றுகிறது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். அதன் தண்டைத் தாங்குவது ஒயில் படலம் ஒன்றுதான். ஓடி வந்த கையோடு எஞ்சினை நிறுத்தினால் ஒயில் வரத்து நின்றுவிடும். சூட்டில் அங்கே தங்கிய ஒயில் கருகிக் கரியாகி, தண்டைத் தின்னத் தொடங்கும். ஆகவே வீடு வந்ததும் ஒரு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். மனைவி வாசலில் நின்று, "வீட்டுக்குள் வர மனமில்லையா?" என்கிறாள்.

நகருக்குள் லீற்றருக்கு எட்டு கிலோமீற்றர், நீண்ட வீதியில் பத்து. 2022 ஜூனில் டீசல் 460 ரூபாய் விற்றபோது இது என்னிடம் இல்லாதது என் பாக்கியம்.

கரடியனாற்றில் தேநீர் குடித்த இடத்தில் ஒரு பையன் நெம்புகோலைக் காட்டி விளக்கம் கேட்டான். இரண்டு சில்லு ஒரு நிலை. நான்கு சில்லும் தார் வீதியில் ஓடக்கூடிய நிலை ஒன்று. நடுவில் பூட்டிக்கொள்ளும் நிலை ஒன்று. பூட்டிக்கொண்டு ஆமை வேகத்தில் ஏறும் நிலை இன்னொன்று. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் உருளுகின்றன. அந்த வித்தியாசத்தை விழுங்க நடுவில் டிபரன்ஷியல் என்ற பற்சக்கரக் கூட்டு இதில் உண்டு; நடுவைப் பூட்டுவது என்றால் அதைப் பூட்டுவதுதான். அது இல்லாத பழைய ஜீப்புகளை நான்கு சில்லில் தார் வீதியில் திருப்பினால் டயர் அழும், ஸ்டியரிங் மல்லுக்கு நிற்கும். டாக்கார் பந்தயத்தில் 2001 முதல் 2007 வரை ஏழு வருடமும் தொடர்ந்து வென்றது பஜேரோதான் என்றும் சேர்த்துச் சொன்னேன். பையன் வாயைப் பிளந்தான். விளக்கு மினுங்குவதைச் சொல்லவில்லை.

நவம்பர் 16, சனி

தேர்தல் கடமை முடிந்து, நேற்றுப் பௌர்ணமிப் போயா விடுமுறையை முழுக்கத் தூங்கிக் கழித்தேன். இன்று வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனை. குழாயில் கோலைச் செருகி எஞ்சினைக் கத்தவிட்டார்கள். பின்னால் நின்றவர் கரும்புகையில் மறைந்தே போனார். தோல்வி. டீசலுக்கு ஏற்ற காற்றுக் கிடைக்காவிட்டால் கரும்புகை வரும். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன். கச்சான் காலத்துப் புழுதி அரைச் சிரட்டை கொட்டியது. புதியது போட்டதும் தேறியது. அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது.

நவம்பர் 23, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்பாவைக் கூட்டிப் போவதற்கு முன் பாதையைப் பார்த்து வரலாம் என்று தனியாகக் கிளம்பினேன். வலையிறவுப் பாலம், வவுணதீவு, ஆயித்தியமலை வரை ஒரு குறையுமில்லை. வட்டைக்குத் திரும்பும் வாய்க்கால் கட்டில், பெரிய உழவு இயந்திரங்கள் உழக்கிய இரண்டு தடங்களிலும் நேற்றைய மழை நின்றது. நடுவைப் பூட்டினேன். பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பச்சை இரண்டும் வழக்கம்போல மினுங்கின. இறங்கினேன். பத்து யார் தூரம் போயிருக்கும். வாகனம் பின்பக்கமாகக் குந்திக்கொண்டது. மிதித்தேன், இன்னும் குந்தியது. பின் அச்சு தண்ணீருக்குள் போய்விட்டது.

முல்லைக்காரரின் மகன், பத்து வயதிருக்கும், வரம்பில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தான். இன்னொரு தடவை மிதித்தேன். அவன் மெதுவாக, ஒரு பெரிய மனிதரின் மரியாதையோடு, "சேர், முன் சில்லு சும்மா நிற்கிறதே" என்றான்.

இறங்கிப் பார்த்தேன். பின் சில்லுகள் இரண்டும் சேற்றைப் பூசிக்கொண்டு பளபளத்தன. முன் சில்லுகளின் டயர்க் கோடுகளில் உருண்டு வந்தபோது அப்பிய சேறு அப்படியே இருந்தது. ஆறு வாரமாக நான்கு சில்லு, நான்கு சில்லு என்று கண்டவரிடமெல்லாம் அளந்திருக்கிறேன். இழுத்தது இரண்டுதான்.

உழவு இயந்திரக்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். காசு வேண்டாம் என்றார். அந்தச் சிரிப்புக்குக் காசு வாங்கியிருக்கலாம்.

நவம்பர் 27, புதன்

மழை விடவில்லை. உயர்தரப் பரீட்சை திங்களன்று தொடங்கி இன்று முதல் மூன்று நாளுக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. முல்லைக்காரர் காலையில் அழைத்தார். பயிரின் நுனி மட்டும் தெரிகிறதாம். அப்பா ஒன்றும் பேசாமல் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான் மட்டும் போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன்.

வெள்ளம் மேலே ஓடும் தாழ்ந்த பாலமான தாம்போதி வரைதான் போக முடிந்தது. தண்ணீர் வீதியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. ஓரத்து வெள்ளைக் கட்டைகளில் தலை மட்டும் தெரிந்தது. அங்கே நின்ற ஒருவர், "இது நான்கு சில்லு ஜீப்பாயிற்றே, விடுங்கள்" என்றார். நேற்று மாவடிப்பள்ளியில் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை இப்படித்தான் வெள்ளம் கொண்டுபோனது. பிள்ளைகளை இன்றும் தேடுகிறார்கள். ஆளுயரச் சில்லு வைத்த இயந்திரமே நிற்கவில்லை.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை, அதனால் தண்ணீருக்குப் பயமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அரைவாசிதான் சரி. அது மூச்சு எடுக்கிற குழாய் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் உள்ளே இழுத்துவிடும். இந்த எஞ்சின் இருபத்தொரு பங்கு காற்றை ஒரு பங்காக நெருக்குகிறது. காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. பிஸ்டனைத் தாங்கும் கோல்தான் வளையும். எஞ்சின் தப்பினாலும், ஓடும் தண்ணீர் கதவின் அடியைத் தாண்டினாலே வாகனம் பாரம் இழந்து மிதக்கத் தொடங்கும். அப்போது எத்தனை சில்லு இழுத்தும் பயனில்லை.

திரும்பினேன். அப்பா கேட்கவில்லை, என் செருப்பில் வயல் சேறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

டிசம்பர் 1, ஞாயிறு

வெயில். வீடெல்லாம் ஈரப் புத்தக வாசனை. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 7, சனி

ஏறாவூரில் முஸ்லிம் அண்ணர் ஒருவரின், காக்கா என்போம், கராஜ். இதற்கு முன் இருவரிடம் காட்டினேன். ஒருவர் முன் அச்சையே இறக்க வேண்டும் என்றார். மற்றவர் கணினிப் பெட்டி என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுதினால் மனைவி வாசித்துவிடுவாள்.

காக்கா ஒன்றையும் கழற்றவில்லை. "ஓடவிடுங்கள் சேர், நான்கில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பொனெட்டுக்குள் காதைக் கொடுத்தார். பிறகுதான் விளக்கினார். இரண்டு சில்லில் ஓடும்போது முன் அச்சின் ஒரு பக்கத் தண்டு கழன்று நிற்கும். நான்குக்கு மாற்றினால் அதைத் திரும்பக் கோத்துவிட வேண்டும். கோப்பது மின்சாரமில்லை, கம்பியுமில்லை. காற்றை உறிஞ்சும் வெற்றிடம். பெற்றோல் எஞ்சினில் அது தானாகவே கிடைக்கும். டீசலில் கிடைக்காது. அதனால் மின்சாரம் உண்டாக்கும் ஒல்டனேற்றரின் முதுகில் ஒரு சிறிய பம்ப் வைத்திருக்கிறார்கள். பிரேக்கை மிதிக்க இலகுவாக்குவதும் அதே பம்ப்தான். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஆகவே பம்ப் நன்று. கோளாறு அதற்குப் பிறகு.

அச்சுக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். சாரத்து நுனியால் துடைத்து வாயில் வைத்து, இளநீர் குடிப்பதுபோல உறிஞ்சினார். வாகனத்துக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அச்சுக்கு ஒன்றுமில்லை.

மேலே வால்வில் செருகியிருந்த இன்னொரு குழாயை மடித்துப் பிடித்தார். வெளிப்பார்வைக்குக் கறுப்பாய், முழுதாய் இருந்தது. மடித்ததும் நுனியிலிருந்து நகக்கண் நீளத்துக்கு ஒரு பிளவு வாய் திறந்தது. இருபத்தொன்பது வருடச் சூடு. ஒரு சாண் புதுக் குழாய் வெட்டிப் போட்டார். நெம்புகோலைத் தள்ளினேன், பச்சை இரண்டும் இரண்டு தரம் மினுங்கி, நின்று எரிந்தன. இப்படி எரியும் என்றே எனக்குத் தெரியாது.

பின் அச்சு தண்ணீரில் நின்றதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் அமிழ்ந்தால் உள்ளே உள்ள காற்றுச் சுருங்கி, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். அடி ஆணியைக் கழற்றியபோது வந்தது கறுப்பு ஒயில் இல்லை. ஏலக்காய் போடாத பால் தேநீர். இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் பற்சக்கரங்கள் துருப்பிடித்திருக்கும். குழாய்க்கு முந்நூறு ரூபாய் வாங்கினார். ஒயிலுக்குத்தான் காசு போனது.

டிசம்பர் 8, ஞாயிறு

அப்பா முன் இருக்கையில் ஏறுவதற்கு அரிசிப் பெட்டியைக் கவிழ்த்துப் படியாக வைத்தோம். வழியெல்லாம் எஞ்சின் சத்தத்தை மீறிப் பேசிக்கொண்டு வந்தார்: 1978 சூறாவளியில் இந்த வீதியில் விழுந்த மரங்களைப் பற்றி, அப்போது நெல் ஏற்றிய மாட்டுவண்டிகளைப் பற்றி. ஆயித்தியமலையில் வீதியோரம் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டார்.

வாய்க்கால் கட்டு. அதே இடம். தண்ணீர் வடிந்திருந்தது, சேறு வடியவில்லை. நடுவைப் பூட்டினேன். பச்சை நான்கும், மஞ்சள் ஒன்றும். முன்பக்கம் சிறிது இறங்கியது. பிறகு ஸ்டியரிங்கில், இரண்டு கைகளுக்குள்ளும், ஏதோ மண்ணைப் பிறாண்டிக்கொண்டு முன்னே ஏறுவது தெரிந்தது. இத்தனை நாளும் தெரியாத ஒரு இழுப்பு. அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. தயிர்ச் சட்டியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயல் குடிசையான வாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மேற்குப் பக்கத்துப் பள்ளம் முழுவதும் அழுகிப் பழுப்பாகக் கிடந்தது. மேட்டு வயல் கண்டங்களில் பயிர் நிமிர்ந்து நின்றது. முல்லைக்காரர் வரம்பால் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மகன் ஓடிவந்து, நேரே முன் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"நிப்பாட்டு தம்பி, இறங்க வேண்டும்" என்றார் அப்பா.

டர்போ ஆறட்டும், ஒரு நிமிடம் பொறுங்கள் அப்பா என்றேன். சரி என்று தலையாட்டி, சட்டியை என் கையில் தந்துவிட்டு, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டார்.