கெட்டில் வைத்துக்கொள்ளலாமா?

"கம்யூனிசம் மனுஷ சுபாவத்துக்கு ஒத்துவராது" என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு உடனே ஸ்டாலின், மாவோ என்று ஓடிவிடுகிறது. எனக்கு நினைவுக்கு வருவது இஸ்ரேலின் கிப்புட்ஸ்கள், அதாவது எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழும் கூட்டுக் கிராமங்கள். அங்கே ரகசியப் போலீஸ் இல்லை, சைபீரியா இல்லை. பிடித்தால் இருக்கலாம், பிடிக்காவிட்டால் கிளம்பலாம். (அந்த நிலம் யாருடையது என்பது தனிக் கதை, இங்கே அடங்காது.)

முதல் கிப்புட்ஸான தெகானியா 1910இல் கலிலேயாக் கடலோரம் தொடங்கியது. நிலம் பொது, சாப்பாடு பொதுக் கூடத்தில். மாடு கறப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே பங்கு. ஆரம்ப காலத்தில் பல இடங்களில் சட்டைகூடப் பொதுதான்.

சோம்பேறிகள் கெடுத்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, உழைப்பில் கிப்புட்ஸ்காரர்கள் சோடைபோகவில்லை. உரசல் சின்ன விஷயங்களில் வந்தது. அறையில் சொந்தமாக ஒரு கெட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பதே விவாதமாகியிருக்கிறது. தனியாக டீ போட ஆரம்பித்தால் பொதுக் கூடத்துக்கு யார் வருவார்கள்? பிள்ளைகள் இரவில் தனி இல்லத்தில் தூங்கினார்கள். பெற்றோருக்கு, குறிப்பாக அம்மாக்களுக்கு, அது ஆறவே இல்லை. 1990களின் இறுதிக்குள் அந்த வழக்கம் ஒழிந்தது.

இதற்கிடையே 1980களின் கடன் நெருக்கடி வேறு. 2007இல் தெகானியாவே வேலைக்கேற்ற சம்பளத்துக்கு வாக்களித்தது. சரி, முடிந்தது கதை என்று பார்த்தால், சில டஜன் கிப்புட்ஸ்கள் இன்னும் பழைய பங்கு முறையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சண்டையில் அவற்றை மட்டும் யாரும் இழுப்பதில்லை.