துறவு கொள்ள வெளிநாடு போகும் முன்

தேரவாத பௌத்த மரபில் பிக்கு (முழுத் துறவி) ஆக விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது கடன்தான். பிக்குவாக ஏற்கும் உபசம்பதைச் சடங்கில் சங்கத்தின் (துறவியர் கூட்டத்தின்) முன் 13 கேள்விகளைப் பாலியில் கேட்பார்கள். முதல் 5, நோய்கள் பற்றியவை. குட்டம், வலிப்பு எல்லாம் அதில் வரும். "நத்தி பந்தே", அதாவது இல்லை ஐயா என்று சொல்ல வேண்டும். ஆறாவதான "மனுஸ்ஸோஸி?" (நீ மனிதன்தானா?) என்ற கேள்வியிலிருந்து பதில் "ஆம பந்தே" என்று மாறும். நம் 'ஆம்' போலவே இருப்பதால் தமிழருக்கு இது எளிது. ஆனாலும் பதற்றத்தில் இந்த இடத்தில்தான் நாக்கு பழைய பதிலுக்கே போகும். சத்தம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

கடனில்லையா, அரசுப் பணியில் இல்லையா, பெற்றோர் சம்மதம் உண்டா, 20 வயது நிறைந்ததா, பிச்சைப் பாத்திரமும் சீவரமும் (துறவாடை) உண்டா என்பவையும் அந்தக் கேள்விகளுக்குள் அடக்கம். பெற்றோரின் மனதைக் கரைக்க மாதங்கள் ஆகலாம். டிக்கெட் போட்டுவிட்டுச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பிக்கு பணத்தைத் தொடக்கூடாது. ஆகவே வங்கிக் கணக்கு, காப்பீடு, பல் வைத்தியம் எல்லாவற்றையும் முன்பே முடியுங்கள்.

தாய்லாந்தின் உபோனில் உள்ள வாட் பா நானாசாட் மடம், வெளிநாட்டினருக்காகவே அஜான் சா என்ற தாய்லாந்துத் துறவி 1975இல் தொடங்கியது. அங்கே போனதும் சீவரம் கிடைக்காது: முதலில் விருந்தினர், பிறகு எட்டு சீலத்துடன் (ஒழுக்க விதிகளுடன்) வெள்ளை உடை, அப்புறம் சாமணேரர் (பயிற்சித் துறவி). பிக்கு ஆன பின்னும் குறைந்தது 5 ஆண்டுகள் ஆசிரியரைச் சார்ந்தே இருக்க வேண்டும். எந்த விசா என்பதை மடத்திடம் எழுதிக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.